வடக்கு ஜன்னல் அறை

கொல்லையில் அந்தத் தடம் இன்று துவைக்கிற கல்லைத் தாண்டியிருந்தது.

பிரகதீஸ்வரி துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். முதல் தடவை பார்த்தபோது அது மாட்டுக் கொட்டகை வாசலில்தான் இருந்தது. ஈர மண்ணில் ஏதோ மூட்டையை இழுத்ததுபோல ஒரு பட்டை, அதன் இரண்டு பக்கமும் கை ஊன்றியதுபோலப் பள்ளங்கள். உடும்பு என்று நினைத்தாள். மாடுகளை விற்று வெறுமனே கிடக்கிற கொட்டகை, உடும்பு வராமல் என்ன செய்யும்? கூட்டி அழித்துவிட்டுப் போனாள். மறுநாள் அது முருங்கை மரம் வரை வந்தது. அதையும் அழித்தாள். உடும்புக்கு ஏதடி இவ்வளவு பெரிய உள்ளங்கை என்று மனசு கேட்டதை மட்டும் அழிக்க முடியவில்லை.

இன்று புருஷன் பரணிதரன் குவைத்திலிருந்து வருகிறான். பெற்றவளின் காரியத்துக்குக்கூட லீவு கிடைக்காமல் தவித்தவன். அவன் கண்ணில் இது படக் கூடாது. இது மட்டுமல்ல, எதுவுமே படக் கூடாது. அவசர அவசரமாகக் கூட்டினாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கென்று படம் வரைய ஓர் இடம் கிடையாது. அடுப்படி மேடையில் கேன்வாஸைச் சாய்த்து வரைவாள். தாளிக்கும்போது கடுகு தெறித்து வானத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் வடக்கு ஜன்னல் இருந்தது ஒரே அறையில்தான். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கண்ணைக் கூசாத, மாறாத வெளிச்சம். அந்த அறையில் மாமியார் ஞானாம்பாள் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாள்.

"டைல்ஸ் போடுற வரைக்கும்தான் அத்தை. கொட்டாயக் கழுவிக் கட்டில் போட்டிருக்கேன். காத்து நல்லா வரும்."

"சரி ஆயி. நீயும் எத்தன நாளுதான் அடுப்படியில நின்னு வரைவ" என்றாள் கிழவி. திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை.

டைல்ஸ் போட்டாயிற்று. பிறகு பெயின்ட் நெடி அத்தைக்கு ஆகாது என்றாள். பிறகு அலமாரி வேலை. ஒவ்வொரு சாக்கும் சொல்லும்போது உண்மை மாதிரியே இருந்தது. போனில் பரணிதரன் கேட்டால், "ரூம்லதான் தூங்குறாங்க" என்பாள். ஓர் அடைமழைச் சாயங்காலம் கொட்டகையிலிருந்து "ஈஸ்வரீ" என்று குரல் வந்தது. பிரஷில் நீலம் ஈரமாக இருந்தது, விட்டால் காய்ந்துவிடும். இதோ வருகிறேன், இதோ, என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வானத்தை முடித்தாள். போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. கட்டிலிலும் கிழவி இல்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வந்து, கொட்டகைக் கதவில் சாய்ந்திருந்தாள்.

ஊருக்குச் சொல்லுமுன் அந்த உடம்பைக் கழுவித் தானே தூக்கி வந்து புது அறையில் கிடத்தினாள். சின்ன மாமியார் விஜயலட்சுமி வந்ததும் முதலில் அதைத்தான் கேட்டாள்: "உசுரு எந்த எடத்துல போச்சு? அங்கதான் வெளக்கு வைக்கணும். வெளக்கு தெரிஞ்சாதானே அவங்க வந்து தண்ணி குடிச்சிட்டுப் போவாங்க."

பிரகதீஸ்வரி வெட்கங்கெட்டுப் போய் டைல்ஸ் தரையைக் காட்டினாள். கருமாதி வரை விளக்கு அங்கேயே எரிந்தது. கொட்டகை இருட்டாகக் கிடந்தது.

பொழுது சாயும் நேரம் பரணிதரன் வந்தான். பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு நேராக அறைக்குள் போனான். வார்னிஷ் வாசனை, ஜன்னலுக்கு வெளியே கொல்லை, அதற்கப்பால் நடவு முடிந்த வயலில் தவளைகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன.

"இங்கதானா?"

"ம்."

"எவ்ளோ பளிச்சுனு வச்சிருந்திருக்க அம்மாவ. நான் இல்லன்னாலும் நீ இருந்தியே ஈஸ்வரி" என்று அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

ஐயோ, அந்தக் கை! அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது. சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு. வாயைத் திறந்தாள், "காப்பி போடவாங்க?" என்றுதான் வந்தது.

அவன் தானே விளக்கை ஏற்றினான். செம்பில் தண்ணீர் வைத்தான். தரையில் நெற்றியை வைத்து விசும்பினான்.

"அம்மா, நான் வந்துட்டேன். எங்க இருந்தாலும் வாம்மா."

தவளைகள் நின்றன.

கொல்லையில் எதுவோ இழுபட்டது. நின்றது. மறுபடி. ஈர மண்ணில் கை ஊன்றும் சத்தம். பழைய சாணி நெடி. கிட்டத்தில்.

பரணிதரன் எழுந்து ஜன்னல் வழியே பார்த்தான். அவன் முகத்தில் பயமே இல்லை. ஒன்றும் புரியாத குழப்பம்தான்.

"ஈஸ்வரி... அம்மா ஏன் கொட்டாயிலேருந்து வருது?"

சிமென்ட் படியில் சத்தம். ஒன்று. இன்னொன்று. கொல்லைக் கதவு திறந்தது.

அறை நிலைப்படியில் ஒரு கை ஊன்றியது. அப்புறம் இன்னொரு கை. பின்னாலேயே இடுப்பு. வெள்ளை டைல்ஸில் சேறு பட்டையாக வந்தது. ஞானாம்பாள் மகனைப் பார்க்கவில்லை. விளக்கையும் பார்க்கவில்லை. சுவரில் மாட்டிய படங்களை, அலமாரியை, ஜன்னலை, புது வீடு பார்க்க வந்த விருந்தாளி மாதிரி ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு முன்பு தன் கட்டில் கிடந்த மூலைக்கு நகர்ந்து போனாள். அங்கே கேன்வாஸ் ஸ்டாண்டு நின்றது. அதன் அடியில் காலை நீட்டி உட்கார்ந்து, அதை மருமகள் எடுத்துவிடுவாள் என்று அவளையே அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தாள்.