திருப்பும் முன் கேட்க வேண்டியது

அன்று சாவிக்கொத்து கேட்காமல் திருப்பிவிட்டார்.

இடுப்பில் ஓயாமல் குலுங்கும் சாவிகளால் வந்த பெயர் அது. மூன்று மதத்தார் முறைவைத்து வந்து கும்பிடும் பொதுக்கூடத்துக்குக் காவல், துடைப்பம், திட்டு வாங்கும் முகம் எல்லாமே அவர்தான். கூடத்தின் கோடியில் மூன்று பக்கமுள்ள பலகைச் சுவர் ஒன்று அச்சில் நின்றது. ஒரு பக்கம் விளக்கு மாடம். ஒரு பக்கம் பாட்டுக்காரர்களின் புத்தகப் பீடம். மூன்றாவது பக்கம் வெறும் வெள்ளை. மௌனக்காரர்களுக்கு எதிரே எதுவும் இருக்கக் கூடாது. ஒரு கூட்டம் கலைந்ததும் சுவரைத் தள்ளி அடுத்த கூட்டத்தின் பக்கத்தை முன்னால் கொண்டுவருவது அவர் வேலை. “சாமிங்களுக்கே டிராஃபிக் போலீஸ் நான்தான்” என்று வீட்டில் பீற்றிக்கொள்வார். அப்படியே அந்தக் குப்பைக்கூடையையும் வாசலுக்குத் திருப்பிவிடச் சொல்வாள் மனைவி.

சுவரின் உள்ளே கூடு. உபரிப் பாய்கள், எண்ணெய் டின், பழைய பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். எடுக்க வைக்க ஆள் நுழைவதும் உண்டு. ஆகவே பழைய ஏற்பாடு ஒன்று: திருப்பும் முன் பலகையைத் தட்ட வேண்டும், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பலகையிடம் நலம் விசாரிக்கும் ஒரே மனுஷன் நான்தான் என்று அவரே சிரித்துக்கொள்வார்.

அன்று மழை. பாட்டுக்காரர்கள் வாசலில் நனைந்துகொண்டிருந்தார்கள். அவருடைய டீயும் ஆறிக்கொண்டிருந்தது, உண்மையைச் சொன்னால் அதுதான் பெரிய அவசரம். தள்ளினார். பாதியில் சுவர் முரண்டு பிடித்தது. தோளைக் கொடுத்தார். உள்ளே எங்கோ ‘மளக்’ என்றது. பிறகு வெண்ணெய் போலத் திரும்பியது.

பாட்டு உச்சத்தில் இருந்தபோதுதான் நினைவு வந்தது. அச்சைச் சரிபார்க்க வந்த தச்சர். அவர் எப்போது வெளியே வந்தார்?

எல்லோரும் போன பின்னும் வாசலில் ஒரு ஜோடி செருப்பு மிச்சமிருந்தது, வார் அறுந்த இடத்தில் கம்பி சுற்றிய செருப்பு. கூட்டின் சின்னக் கதவு வெள்ளைப் பக்கத்தில் இருந்தது. சாவிக்கொத்து சுவரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். கூப்பிட்டிருக்கலாம். திறந்திருக்கலாம். அதற்குப் பதில் ஒரு பூட்டை எடுத்து மாட்டினார். செருப்பைப் பையில் போட்டுத் தன் வீட்டுப் பரண்மேல் வைத்தார். மறுநாள் தச்சரின் மனைவி வந்து விசாரித்தபோது, வேலையை முடித்துவிட்டு அப்போதே கிளம்பிவிட்டார் என்று அவருடைய நாக்கே சொல்லியது, அவரைக் கேட்காமல்.

அந்தப் பெண் போலீசுக்குப் போனாள், உறவுக்காரர் வீடுகளுக்குப் போனாள், கடைசியில் கூடத்துக்கு வந்தாள். விளக்கின் முன் கண்மூடி நின்றாள். பாட்டுக்காரர்களோடு தெரியாத பாட்டுக்கு வாயசைத்தாள். மௌனக்காரர்களோடு வெள்ளைப் பலகையைப் பார்த்து உட்கார்ந்தாள். எந்த சாமி பொறுப்பில் புருஷன் இருக்கிறார் என்று தெரியாததால் யாரையும் விடவில்லை. ஒவ்வொரு சாமியாக அவள் முன்னால் திருப்பி நிறுத்தியவர் சாவிக்கொத்து. இப்போதெல்லாம் அவர் தட்டுவதில்லை, கேட்பதில்லை. பதில் வந்துவிட்டால்?

நாற்றம் வரும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டே காத்திருந்தார். வந்தது வேறு: அப்போதுதான் இழைத்த மரத்தின் வாசனை, இளஞ்சூடாய், இனிப்பாய், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே. நல்லாயிருக்கே, என்ன ஊதுபத்தி என்று விளக்குக்காரர்கள் விசாரித்தார்கள். காலையில் பெருக்கும்போது பூட்டிய கதவின் அடியில் புதுச் சீவல்கள் சுருண்டு கிடந்தன. அள்ளி மடியில் முடிந்துகொண்டார். மௌனக்காரர்களில் மூத்தவர், ஓய்வுபெற்ற வாத்தியார், ஒருநாள் அவர் தோளைத் தட்டினார்.

“நம்ம மௌனம் இப்பதான்யா கனிஞ்சிருக்கு. கூடவே யாரோ மூச்சு விடுற மாதிரி.”

சுவரும் கனத்துக்கொண்டே போனது.

ஒரு மத்தியானம் மௌனம் முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். அவள் மட்டும் எழவில்லை.

“அண்ணே, அந்தப் பூட்டு முன்னாடி இல்லியே.”

சாவிகள் குலுங்கின. அவர் நடக்கவில்லை.

“சாவியைக் குடுங்க.”

கொடுத்தார். வேறு என்ன செய்வது. அவளே திறந்தாள், குனிந்து உள்ளே போனாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பாய் நகரும் சத்தம். டின் உருளும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

“யாருமில்லண்ணே,” என்றபடி வெளியே வந்தாள்.

எட்டிப் பார்த்தார். பாய்கள். எண்ணெய் டின். புத்தகங்கள். தூசியில் அவள் காலடி மட்டும். சீவல் ஒன்றுகூட இல்லை. தரையில் உட்கார்ந்து, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரியாமல் குலுங்கினார். செருப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இன்றே. இப்போதே.

வெளியே பாட்டுக்காரர்களின் பேச்சுச் சத்தம் நெருங்கியது. கதவைச் சாத்தினார். பூட்டவில்லை. சுவரில் கை வைத்துத் தள்ளினார்.

அசையவில்லை.

தோளைக் கொடுத்தார். அதே கனம். அதைவிடக் கூட.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “முன்னெல்லாம் தட்டிக் கேட்பீங்களாமே. எங்க வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார்.”

தட்டினார்.

“உள்ள யாராவது இருக்கீங்களா?”

காத்திருந்தார். முறைப்படி.

மர வாசனை. கதவின் அடியிலிருந்து ஒரு சீவல், ஈரமாய், மெல்ல வெளியே நீண்டு சுருண்டது.

பலகைக்கு அந்தப் பக்கம், அவர் காதுக்கு நேரே, கோபமே இல்லாத களைத்த குரல்.

“இருக்கேண்ணே. அன்னைக்கும் இருந்தேன்.”