கனக்கும் சில்வண்டு

ஜேட் என்ற பச்சைக் கல்லில் செதுக்கிய அந்தச் சில்வண்டு, காலையில் இருந்ததைவிடச் சாப்பாட்டுக்குப் பிறகு கனத்திருந்தது. கல் எங்கேயாவது கனக்குமா? வென்ஷூ மின்தராசைத் துடைத்தாள், அணைத்துப் போட்டாள், கல்லை மறுபடி வைத்தாள். இன்னும் ஏறியது. எரிச்சலில் அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

அருங்காட்சியகத்தின் நிலவறையில், சன்னலே இல்லாத அந்த அறையில், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓயாமல் இரைய, எங்கிருந்தோ நனைந்த மண்வாடை வந்துகொண்டிருந்தது. எடையைக் கணினியில் பதியக் காத்திருந்தார் பிரிவுத் தலைவர் பெங்.

“ஏம்மா, எடை போடுறியா, பேரம் பேசுறியா?”

“ஏறிக்கிட்டே போகுது ஐயா.”

“நாளைக்குத் தணிக்கைக்காரங்க வர்றாங்க. பழைய பதிவோட எடை ஒத்துவரலைன்னா, அசலைத் தூக்கிட்டுப் போலியை வச்சுட்டான்னு உன்னைத்தான் உள்ள போடுவாங்க. நீதானே புதுசு!”

திருடிப் பட்டம். அதற்கா இவ்வளவு படித்தாள்?

ஆனால் ஒன்றை அவள் சொல்லவில்லை. அவர் அசரும்போதெல்லாம் கையுறையைக் கழற்றிவிட்டு, அந்தக் கல்லை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்திருந்தாள். அம்மாவின் வளையலைத் தேய்த்துத் தேய்த்து வந்த பழக்கம். ‘மனுஷன் கல்லை வளர்த்தா, கல்லு மனுஷனை வளர்க்கும்’ என்று ஊரே சொல்லும். அது உடம்பில் அணிகிற கல்லுக்கு. இதுவோ ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய ஹான் அரசர் காலத்துக் கல்லறையில், மறுபடி உயிர்க்கட்டும் என்று ஒரு பிணத்தின் நாக்கில் வைத்திருந்தது. அவள் தேய்க்கத் தேய்க்க, மங்கிய முதுகு பச்சையாய் மினுங்கியது. அழகாகத்தான் இருந்தது.

இன்று ஆட்டுச்சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டபோது மிளகாய் விழுது உறைக்கவே இல்லை. சமையற்காரரைத் திட்டினாள். திட்டும்போதே வாய் குழறியது.

மறுபடி தராசைப் பார்த்தாள். ஏறியிருந்தது.

இயந்திரம் நின்றது.

ஆனாலும் ஏதோ இரைந்தது. சிர்ர்ர்... தராசுத் தட்டிலிருந்து இல்லை. இன்னும் பக்கத்தில்.

தட்டு காலி.

“பூச்சி எங்கம்மா?” பெங் எழுந்தார்.

கைகளை விரித்தாள். பைகளை உதறினாள். எதுவுமில்லை.

“ஊமையா நீ? வாயத் தொறந்து பதில் சொல்லு!”

நான் எடுக்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

பெங் பின்வாங்கினார். நாற்காலி கவிழ்ந்தது.

எதிரே அலமாரிக் கண்ணாடி. அதில் அவள் முகம். பற்கள். நாக்கு இருக்கவேண்டிய இடத்தில், ஈரமாய், பச்சையாய், அது உட்கார்ந்திருந்தது.

மெல்லச் சிறகை விரித்தது.