பாதிப் பங்கு

ஒரு மணிச் சங்கு ஊதியது. கடல்மதிலின் மேல் வேலை நின்றது.

அருளப்பன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு மதகு மோட்டாரின் நிழலில் போய் உட்கார்ந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம், கடலைவிடப் பள்ளத்தில், தூத்துக்குடி. டிபன் பாக்ஸைத் திறந்தார். சோறு, சாளைமீன் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். கையைக் கழுவினாரே தவிர, சோற்றில் வைக்கவில்லை. எதற்கோ காத்திருந்தார்.

இசக்கி நொண்டிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னடே, கால்ல அடியா?"

"அடியெல்லாம் இல்ல அண்ணாச்சி. மாமியாருக்கு முட்டு ஆபரேசன். அவ மகளுக்கு ஆபீஸ்ல லீவு கிடைக்கலியாம். பட்டையை எடுத்து என் காதுக்குப் பின்னால ஒட்டிட்டா. பாதி வலி இப்ப எனக்கு." முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். "கட்டுனவளுக்குத் தலைவலின்னா தாங்கிக்கிடலாம். மாமியா முட்டுவலிய மருமவன் சொமக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"சொமடே. வீட்டை எழுதி வைக்கும்போது வேண்டாம்னா சொல்லப் போற?"

ஊரில் இது அன்றாடப் பேச்சு. ஆஸ்பத்திரியில் படுக்கை என்பது அறுவை முடிந்த அன்றோடு சரி. மற்றதெல்லாம் வீட்டு வைத்தியம்தான். பங்குப்பட்டை வந்தபிறகு நோயாளியின் வேதனையில் பாதியை வீட்டில் ஒருவர் வாங்கிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. முட்டுவலி, பல்வலி என்றால் யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். மனத்தின் வேதனைக்கு அப்படி முடியாது. இரண்டு மூளைகள் ஒன்றுக்கொன்று இணங்கி வரவே மாதக்கணக்கில் ஆகும். அதனால் ஒரு நோயாளிக்குப் பங்கு வாங்க ஒரே ஆள்தான்; அவருக்குத் துணை என்று பெயர்.

அருளப்பன் வாங்கிக்கொண்டிருந்தது வலியை அல்ல, பயத்தை.

காதுக்குப் பின்னால் பட்டை சூடேறியது. ஊருக்கு நடுவே, பகல்நேர மருத்துவம் நடக்கும் பகல்மனையில், அவருடைய பதினாறு வயது மகள் ஜெஸிந்தாவின் முன்னால் தட்டை வைத்துவிட்டார்கள்.

வந்துவிட்டது. டிபன் பாக்ஸில் இருந்த சோறு, மதிலை உடைத்துக்கொண்டு வரும் அலை போல எழுந்து நின்றது. 'தொடாதே. தொட்டால் எல்லாம் போச்சு' என்று நெஞ்சுக்குள் ஒரு குரல். என்ன போச்சு என்று கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. போச்சு, அவ்வளவுதான்.

அவருடைய இடது கை சட்டைப் பைக்குள் போனது. புளியங்கொட்டை அளவில் ஒரு குமிழ். கட்டைவிரலால் அழுத்தி, எடுக்காமல் வைத்துக்கொண்டார். பயம் இரண்டு மடங்காகிக் கண்ணை இருட்டியது. நெற்றி வியர்த்தது. அருளப்பன் ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். அடுத்த கவளத்தை உருட்டினார்.

"மெதுவா அண்ணாச்சி." இசக்கி தண்ணீர் பாட்டிலை நகர்த்தினான்.

அங்கே ஜெஸிந்தா அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். அருளப்பனுக்கு அது போதும்.

நோய் வந்த புதிதில் அருளப்பனின் மனைவி ரெஜினா, டாக்டர் மெஹருன்னிஸாவிடம் அழுதுகொண்டே கேட்டாள். "நான் ஆக்குறது அவளுக்குப் பிடிக்கலையோ டாக்டர்?"

"உங்க சமையல் காரணமில்லம்மா. பொண்ணோட பிடிவாதமும் காரணமில்ல. காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு நோய். காய்ச்சலுக்கு மாத்திரை மருந்து. இதுக்குச் சாப்பாடுதான் மருந்து. அந்த மருந்தைப் பார்த்துத்தான் அவ பயப்படுறா, அதுதான் சிக்கல்."

காலையும் இரவும் வீட்டில் சாப்பாடு. பகல் முழுக்கப் பகல்மனை. படிப்பும் பாட்டும் மதியச் சாப்பாடும் அங்கே. மூன்று வேளையும் துணை அப்பா. அவர் எங்கிருந்தாலும் அதே நேரத்தில் சாப்பிட வேண்டும்.

"பாதிதான் கணக்கு" என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். "பாதியை நீங்க வாங்கிக்கிட்டா மீதிப் பாதியை அவளால தாங்க முடியும். தாங்கித் தாங்கித்தான் பயம் தேயும். போகப்போக உங்க பங்கைக் குறைச்சுக்கிட்டே வருவோம். இந்தக் குமிழ் அவசரத்துக்கு மட்டும். மூச்சு முட்டுற நிலைமைன்னா அழுத்துங்க, அவளோட மீதியும் உங்ககிட்ட வந்துரும். ஒரு நிமிஷம். அதுக்கு மேல கூடாது."

கூடாது என்றார்களே தவிர, அதற்கு மேல் அழுத்தினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. துணையாக வருகிறவர் நோயாளி அல்ல, அவருடைய மனத்தில் நடப்பதைப் பதிவுசெய்ய எவருக்கும் உரிமையில்லை என்று சட்டமே இருந்தது. நல்ல சட்டம்தான். யாரோ போராடி வாங்கியது.

பட்டை இணங்கி வந்த முதல் வாரத்தில் ஓர் இரவு. தட்டில் இடியாப்பம். ஜெஸிந்தா கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"யப்பா, முடியலப்பா. எடுத்துட்டுப் போகச் சொல்லுப்பா. நாளைக்குச் சத்தியமாச் சாப்புடுதேன். இன்னைக்கு மட்டும் விட்டுருப்பா."

 அவள் அழுவதை அவரால் தாங்க முடியவில்லை. குமிழை அழுத்தினார்.

மகளின் முகம் மழை விட்ட வானம் போலத் தெளிந்தது. இடியாப்பத்தைப் பிய்த்தாள். பாலில் தோய்த்தாள். தின்றாள். "நல்லாருக்குல்லாம்மா?" என்று ரெஜினாவைப் பார்த்துக் கேட்டாள். ரெஜினா அடுப்படிக்குள் ஓடிப்போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இதைப் பார்த்தபிறகு எந்த அப்பன் கட்டைவிரலை எடுப்பான்?

அருளப்பன் எடுக்கவில்லை. அடுத்த வேளையும் எடுக்கவில்லை. பகல்மனையில் பங்கைக் கால்வாசியாகக் குறைத்தார்கள். குமிழ் இருக்கும்போது என்ன கவலை? முழுவதும் அவருக்கே வந்தது. முதல் மாதங்களில் அவர் ஆளே பாதியாகிப் போனார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. சோற்றைக் கண்டாலே எழுந்து ஓடத் தோன்றியது. ஆனாலும் தின்றார். அவர் நிறுத்தினால் அவள் நிறுத்துவாள். கவளம் கவளமாக அந்தப் பயத்தோடு மல்லுக்கட்டினார்.

அப்புறம் ஒருநாள், மதிலின் மேல், குமிழை அழுத்தியபடியே முழு டிபனையும் காலி செய்தபிறகுதான் கவனித்தார். வியர்க்கவில்லை. குரல் கேட்கவில்லை. சோறு வெறும் சோறாக இருந்தது.

"இசக்கி!" என்று கத்தினார். "பயம் வரலடே! என் மவளுக்குச் சரியாயிட்டு!"

அடுத்த வேளையும் பயம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. வீடும் மாறியிருந்தது. ஜெஸிந்தாவுக்கு முடி அடர்ந்தது. அம்மாவோடு சண்டை பிடித்தாள். மண்டபம் ஊரில், கடலுக்குள் பவளம் வளர்க்கக் கற்றுத்தரும் பள்ளியில் விடுதியோடு இடம் கிடைத்தது. பட்டையில்லாத பிள்ளைகளைத்தான் கடலுக்குள் அனுமதிப்பார்கள். கடிதம் வந்த நாளிலிருந்து அவள் வாயில் மண்டபம் தவிர வேறு பேச்சில்லை.

"ஜூன்ல பட்டையைக் கழற்றிடலாம்" என்றார் டாக்டர். "வீட்லயே முதல் சாப்பாடு. நீங்க மூணு பேர் மட்டும். சாதாரணமா இருக்கட்டும்."

சாதாரணமாக இருக்குமா? ஒரே பிள்ளை, பிழைத்து வந்த பிள்ளை. ரெஜினா விடியற்காலையிலேயே தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டாள். அருளப்பனின் அக்கா பிலோமி கோவில்பட்டியிலிருந்து வந்து இறங்கினாள்.

"ஏட்டி, மண்டபத்துல மீனுக்குப் பாடம் எடுக்கப் போறியா, மீன்கிட்டப் பாடம் படிக்கப் போறியா?"

"மீனு உங்கள மாரி இல்ல அத்த. வாயைத் தொறந்தா தண்ணி மட்டுந்தான் வரும்."

"பாத்தியாடா அருளு, இவ வாய! இந்த வாயா சோத்துக்குப் பயந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெஸிந்தா கேட்ட தேங்காய்ப்பால் சோறும் இறால் தொக்கும் மேசைக்கு வந்தன. அருளப்பன் தன் பட்டையை உரித்தார். பிறகு மகளின் காதுக்குப் பின்னால் இருந்ததையும், வலிக்காமல், மெதுவாக உரித்தார்.

ஜெஸிந்தா சோற்றில் கை வைத்தாள்.

கை அப்படியே நின்றது. சிரிப்பு முகத்திலேயே இருந்தது. ஆனால் கண்கள் மாறிவிட்டன. யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியதுபோல நாற்காலியோடு விலகினாள். தட்டு கவிழ்ந்தது.

"யப்பா, என்னதுப்பா இது? யப்பா!"

அந்தக் குரலை அவர் மாதக்கணக்கில் கேட்டிருக்கவில்லை. ஓடிப்போய் அவளைப் பிடித்தார். அவள் உடம்பு முழுக்க உதறியது. பிலோமி சிலுவை போட்டுக்கொண்டாள். ரெஜினா மட்டும் அசையாமல், கவிழ்ந்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பகல்மனையில், மகளை வைத்துக்கொண்டே அருளப்பன் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னார். முதல் வாரத்து இடியாப்பம். கட்டைவிரல். ஒவ்வொரு வேளையும்.

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். "கடைசியில பயம் வரவே இல்லன்னு சொன்னீங்களே, அப்பவும் அழுத்திக்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

"ஆமா. ஆனா வர்றதுக்கு ஒண்ணுமே இல்லையே டாக்டர். அதான் சரியாயிட்டுன்னு நெனச்சேன்."

"வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. உங்களைப் பயமுறுத்துறதைத்தான் நிறுத்திருச்சு. ஒவ்வொரு வேளையும் அந்தப் பயத்தோட உட்கார்ந்து சாப்பிட்டது நீங்கதானே? இந்த வைத்தியத்தோட பலன் அப்படியே உங்களுக்குப் போயிருக்கு. அவளோட நோயிலேருந்து குணமானது நீங்க."

அருளப்பனின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது.

மூலையில் உட்கார்ந்திருந்த ஜெஸிந்தா தலையைத் தூக்கினாள். "அப்ப நான்? இத்தனை நாளும் ஜெயிச்சது நான் இல்லையா?" அப்பாவின் பக்கம் திரும்பினாள். "தெனம் படுக்கும்போது நெனச்சுப்பேன் யப்பா, இன்னைக்கும் ஜெயிச்சிட்டோம்னு. எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் எடுத்துக்கிட்டியா?"

"நீ அழுததைப் பாக்க முடியல மக்கா." டாக்டரிடம் திரும்பினார். "மறுபடியும் ஒட்டுங்க டாக்டர். பாதி மட்டும் போதும். அந்தக் குமிழைப் புடுங்கி எறிஞ்சிருங்க."

ஒட்டிப் பார்த்தார்கள். ஒரு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஜெஸிந்தாவின் உதடு வெளுத்தது. விரல்கள் நாற்காலியை இறுக்கின. அருளப்பன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். வாழைப்பழ வாசனை வந்தது. வேறெதுவும் வரவில்லை.

"உங்க மூளைக்கு அது பழகிப்போச்சு" என்றார் டாக்டர் மெல்ல. "இனிமே அவ பயத்துல உங்களால பங்கு வாங்க முடியாது. வேணும்னா அம்மாவுக்கு ஒட்டலாம். இணங்கி வர்றதுக்கு மாசக்கணக்குல ஆகும்."

"யாருக்கும் ஒட்ட வேண்டாம்" என்றாள் ஜெஸிந்தா. குரல் நடுங்கினாலும் சொல்லி முடித்தாள். "என்னோடதை எங்கிட்டயே குடுத்துருங்க."

"பட்டையில்லாமலும் செய்யலாம்மா. முன்னால அப்படித்தான் செஞ்சாங்க. பகல்ல நாங்க உன் பக்கத்துலயே இருப்போம். வீட்ல யாராவது ஒருத்தர் எதிர்ல உட்காரணும். வாங்கிக்கக் கூடாது, கெஞ்சக் கூடாது, தட்டை எடுத்துட்டும் போகக் கூடாது." டாக்டர் அருளப்பனைப் பார்த்தார். "சும்மா உட்கார்ந்திருக்கணும். முடியுமா உங்களால?"

சில மாதம் பொறுத்துக்கொள்ளும்படி மண்டபத்துப் பள்ளியிடம் டாக்டரே பேசினார். வருந்துகிறோம், இடத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று என்று பதில் வந்தது.

அன்று பொழுது சாயும் நேரத்தில் ரெஜினா இரண்டு தட்டுகளில் இட்லி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அருளப்பன் மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். தன் இட்லியைத் தின்று முடித்தார். பயமில்லாமல் தின்ன முடிந்ததற்கு வெட்கமாக இருந்தது.

ஜெஸிந்தா இட்லியைத் தொடவில்லை.

அவள் பயத்தை அணுஅணுவாக அறிந்த மனிதர் அவர். இப்போது எத்தனை முயன்றும் அது எப்படி இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. இத்தனை மாதமும் கேட்கத் தேவையில்லாமல் இருந்ததை முதல் தடவையாகக் கேட்டார்.

"எப்படி இருக்கு மக்கா? சொல்லு."

"சொன்னா உனக்குப் புரியாது."

"புரியாட்டியும் சொல்லு."

"பேசாதப்பா நீ. உன்னப் பாத்தாலே எரியுது எனக்கு."

"சரி."

"எந்திச்சுப் போ."

"போக மாட்டேன்."

அவள் இட்லியின் ஓரத்தைக் கிள்ளினாள். விரல் நுனியில் வைத்துக்கொண்டே இருந்தாள். வாய்வரை கொண்டுபோனாள், கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். சாம்பார் ஆறி ஆடை கட்டியது. உள்ளே ரெஜினா பாத்திரம் உருட்டும் சத்தம்கூட நின்றுவிட்டது.

"யப்பா, முடியலப்பா" என்றாள் ஜெஸிந்தா. அதே குரல். அதே பிள்ளை. கன்னம் நனைந்து தாடையில் சொட்டியது. "எடுத்துட்டுப் போகச் சொல்லுப்பா."

அருளப்பன் இரண்டு கைகளையும் மேசைமேல், அவள் பார்க்கும்படி விரித்து வைத்தார். தட்டை எடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துவிடவில்லை. பார்வையைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

அவள் அழுதாள். அவர் அழவிட்டார்.