வரைபடத்துக்கு வெளியே ஒரு குழி

எனக்குப் பயம் என்று சொல்வதற்கே எனக்குப் பயம். எல்லாம் என் அப்பா செய்த வேலை. நான்கு வயதில் நான் ஒரு தெருநாயை விரட்டினேனாம். அன்றிலிருந்து அப்பா என்னைப் 'புலி' என்றுதான் கூப்பிடுகிறார். தெருவில் எல்லோருக்கும் நான் புலி. பள்ளிக்கூட வாட்ச்மேனுக்குக்கூட நான் புலிதான்.

புலி எப்படிப் பயப்படுவது?

ஆனால் நான் பயந்தேன். தினமும் இரண்டு தடவை, நேரம் தவறாமல் பயந்தேன். காலையில் எட்டே முக்காலுக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலே காலுக்கு ஒரு தடவை.

எங்கள் வீடு ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். நடுவில், தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. எங்கள் தெருப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'தொண்டை'. உள்ளே போனால் யாரோ நம்மை விழுங்குவது மாதிரியே இருக்கும். விளக்கு எரிந்து ரொம்ப நாளாகிவிட்டது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். மேலே ரயில் போனால் சுவர் நடுங்கும்.

பெரியவர்கள் அந்த வழியில் வருவதே இல்லை. பஸ்ஸிலோ ஸ்கூட்டரிலோ மேம்பாலத்தைச் சுற்றிப் போய்விடுவார்கள். மேம்பாலத்தில் லாரிகள் பறக்கும், நடப்பவர்களுக்கு இடமே கிடையாது. அதனால் நடந்து போகும் பிள்ளைகளுக்குத் தொண்டையை விட்டால் வேறு கதி இல்லை.

உள்ளே போனதும் நான் காலடிகளை எண்ண ஆரம்பித்துவிடுவேன். மொத்தம் நாற்பத்தெட்டு. எண்ணினால் பயம் கொஞ்சம் குறையும்.

அப்படி எண்ணிக்கொண்டு போன ஒரு நாள், முப்பத்தொன்றாவது காலடியில் என் கால் தரையைத் தொடவில்லை.

சுவரில் ஒரு துருப்பிடித்த குழாய் இருந்தது. அதைப் பிடித்துத் தொங்கித் தப்பித்தேன். மறுநாள் ஒரு நீளமான குச்சியை எடுத்துப்போய் அந்த இடத்தில் விட்டுப் பார்த்தேன். என் தம்பியைவிட உயரமான குச்சி. முழுவதும் உள்ளே போனது. அடி தட்டவே இல்லை. அது ஒரு சாக்கடைக் குழி. மூடியைக் காணோம். மேலே தண்ணீர் நின்றதால் குழி இருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

ஆனாலும் வீட்டில் சொல்லவில்லை.

அம்மாவுக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை கிடைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. காலை ஏழு மணிக்கே கிளம்ப வேண்டும். "நீ இருக்கிற தைரியத்துலதான் நான் வேலைக்கே போறேன்" என்று தினமும் வாசலில் சொல்லிவிட்டுப் போவார். குழியைப் பற்றிச் சொன்னால் எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவதற்காக வேலையை விட்டுவிடுவார். புது மெஷினைப் பற்றிப் பேசும்போது அம்மாவின் முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி ஒட்டி நடந்து சமாளித்தேன். கூட வந்த பிள்ளைகளையும் அப்படியே நடக்க வைத்தேன்.

ஆனால் என் தம்பி எப்படிச் சமாளிப்பான்?

அவனுக்கு ஐந்து வயது. கால் ஒரு இடத்தில் நிற்காது, அதனால் அவன் பெயர் நண்டு. வருகிற திங்கட்கிழமை அவனுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பம். கூட்டிப் போக வேண்டியவள் நான். புதுப் பையை மாட்டிக்கொண்டு அவன் வீடு முழுக்கக் குதித்துக்கொண்டிருந்தான். அவன் குதிக்கக் குதிக்க எனக்கு அந்த முப்பத்தொன்றாவது காலடிதான் கண்ணில் தெரிந்தது.

அந்த வாரம்தான் நகராட்சியிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. 'உங்கள் பகுதிக்கு என்ன தேவை? நீங்களே வந்து சொல்லுங்கள். சனிக்கிழமை காலை பத்து மணி. சமுதாயக் கூடம். வீட்டுக்கு ஒருவர். சிறுவர்களும் வரலாம்.'

அப்பா பஸ் கண்டக்டர். சனிக்கிழமையும் அவருக்கு டூட்டி. அம்மாவுக்கும் கம்பெனி உண்டு.

"புலி, நீயே போயிட்டு வந்துடு. குழாய்ல தண்ணி வரலைன்னு சொல்லு" என்றார்.

"வேற ஏதாவது சொல்லலாமாப்பா?"

"சொல்லேன். புலி சொன்னா யாரு கேக்காம இருப்பாங்க?"

நண்டைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டுவிட்டுப் போனேன். கூடத்தின் நடுவில் பெரிய மேசை. அதன்மேல் எங்கள் ஏழாவது வார்டின் வரைபடம். எங்கள் தெரு, மளிகைக் கடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் இருந்தன. நகராட்சி மேடம் ஒருவர் எல்லோருக்கும் மூன்று சிவப்பு வட்ட ஸ்டிக்கர்கள் கொடுத்தார்.

"எங்க என்ன வேணுமோ அங்க ஒட்டுங்க. நிறைய வட்டம் விழுற இடத்துல முதல்ல வேலை நடக்கும்" என்றார்.

மளிகைக்கடை மாமா தன்னுடைய மூன்றையும் தெரு முனையில் ஒட்டினார்.

"அங்க என்ன சார் வேணும்?" என்று மேடம் கேட்டார்.

"ஒரு வளைவு கட்டணும். பெருசா, அழகா."

"எதுக்கு?"

"தெருவுக்குள்ள நுழையும்போது ஒரு கெத்து வேண்டாமா?"

என் முறை வந்தது. இரண்டு வட்டங்களைத் தண்ணீர்த் தொட்டியின்மேல் ஒட்டினேன். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு தொண்டையைத் தேடினேன். விரலால் எங்கள் தெரு வழியாகப் போனேன். தண்டவாளம் வந்தது. அத்தோடு தாள் முடிந்துவிட்டது.

திரும்பவும் விரலால் போய்ப் பார்த்தேன். திரும்பவும் தாள் முடிந்தது. திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"சீக்கிரம்மா" என்றார் மாமா.

தாளின் ஓரத்துக்கு வெளியே ஒரு விரல் தள்ளி, மேசைமேலேயே ஒட்டிவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். "ஏன் பாப்பா மேசையில ஒட்டுற? மேசைக்கு என்ன வேணும்?"

"படத்துல இடம் இல்ல மேடம். ஆனா அங்க ஒரு குழி இருக்கு."

மேடத்தின் சிரிப்பு நின்றது. என் பக்கத்தில் குனிந்தார். நான் குச்சியைப் பற்றிச் சொன்னேன். முப்பத்தொன்றாவது காலடியைப் பற்றிச் சொன்னேன். நண்டைப் பற்றிச் சொன்னேன்.

மேடம் உடனே தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் எட்டாவது வார்டின் நகராட்சி சாருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அதே நேரத்தில் எட்டாவது வார்டுக்கும் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சாரின் குரல் கணீரென்று எல்லோருக்கும் கேட்டது.

"சுரங்கப்பாதையா? அது உங்க வார்டு மேடம்."

"எங்க படத்துல இல்லையே சார்."

"எங்க படத்துலயும் இல்லையே!"

மேடம் எங்கள் வரைபடத்தைத் தூக்கி அடியிலும் ஒரு தடவை பார்த்தார்.

"சரி, கடிதம் எழுதுங்க. அளந்து பார்த்து யாரோடதுன்னு முடிவு பண்ணலாம். ஒரு மாசத்துல பதில் வந்துடும்" என்றார் சார்.

ஒரு மாதம்!

"திங்கட்கிழமை என் தம்பி வர்றான் மேடம். அவனுக்கு முப்பது வரைக்கும்கூட எண்ணத் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் இப்பவே வந்து பாருங்களேன். அஞ்சு நிமிஷம்தான்!"

மேடம் என்னைப் பார்த்தார். பிறகு போனில், "சார், நீங்க அந்தப் பக்கத்திலிருந்து வாங்க. நான் இந்தப் பக்கத்திலிருந்து வர்றேன். நடுவுல சந்திப்போம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கத்திலிருந்து வந்தால், நடுவுக்கு வரும் முன்னாலேயே குழி வந்துவிடும். குழியைப் பற்றி மேடம் சாரிடம் சொல்லவே இல்லை.

"குழி இருக்கு, பார்த்து வரச் சொல்லுங்க மேடம்!" என்று கத்தினேன். அதற்குள் சார் போனை வைத்துவிட்டார். மேடம் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் எடுக்கவில்லை.

நான் ஓடினேன். மேடமும் பின்னால் ஓடி வந்தார்.

தொண்டையின் வாயில் கால் தானாக நின்றது. உள்ளே கும்மிருட்டு. நாற்றம். எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த முனையில் ஒரு சின்ன வெளிச்சம் ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. சாரின் போன் டார்ச். அவர் அதைத் தன் கால்களுக்குப் பிடிக்காமல் விட்டத்துக்குப் பிடித்து, விளக்கு எங்கே என்று தேடிக்கொண்டு வந்தார்.

"சார், நில்லுங்க!" என்று கத்தினேன்.

அதே நேரத்தில் மேலே ரயில் வந்தது.

தடதடவென்று எல்லாம் அதிர்ந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. சார் நடந்து வந்துகொண்டே இருந்தார். திரும்பி ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் என் கால்கள் தண்ணீருக்குள் இறங்கி எண்ண ஆரம்பித்துவிட்டன. ஒன்று, இரண்டு, மூன்று. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். பதினெட்டு. பத்தொன்பது. இருபத்தைந்து. சுவரைத் தடவினேன். இருபத்தெட்டு. கையில் துருப்பிடித்த குழாய் அகப்பட்டது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு எதிரே சார். குழிக்கும் அவருக்கும் நடுவில் மூன்று காலடி இருக்கலாம். அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

கத்தினால் கேட்காது. கையை ஆட்டினால் தெரியாது. என்ன செய்வது? ஒரு காலிலிருந்து செருப்பைக் கழற்றினேன். குறி பார்த்து வீசினேன்.

அது சாரின் தொப்பையில் சொத்தென்று பட்டது.

சார் அப்படியே நின்றுவிட்டார். ரயில் போய் முடிந்தது.

"யாரது? யாரு என்மேல செருப்பை எறிஞ்சது?"

"நான்தான் சார். மன்னிச்சுக்கோங்க சார். இன்னும் ஒரு அடி வெச்சீங்கன்னா குழி சார்."

சார் டார்ச்சைக் கீழே திருப்பினார். கறுப்புத் தண்ணீரைத் தவிர எதுவும் தெரியவில்லை. கையில் மடக்கி வைத்திருந்த குடையைத் தண்ணீருக்குள் விட்டார். குடை பிடி வரைக்கும் போனது. அவர் கையும் மணிக்கட்டு வரைக்கும் போனது. அடி தட்டவில்லை.

அவர் மெதுவாக ஒரு அடி பின்னால் வைத்தார். பிறகு இன்னொரு அடி.

"நான் விழுந்திருப்பேன்" என்றார். குரலில் கணீர் என்பது துளிகூட இல்லை.

மேடம் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். என்னைப் பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவருடைய நெஞ்சு என்னுடையதைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

"சார், மேல போற தண்டவாளம்தான் வார்டு எல்லை, அது சரியா நடுவுல இருக்கு. இந்தக் குழி எந்தப் பக்கம்னு அளந்து பார்க்கலாமா?" என்று கேட்டார்.

"மொத்தம் நாற்பத்தெட்டு காலடி மேடம். குழி முப்பத்தொண்ணுல இருக்கு" என்றேன்.

சார் தலையைத் தொங்கப் போட்டார். "அப்படின்னா குழி எங்களோடதுதான்."

"தண்ணி எங்க பக்கத்து வாய்க்கால்லேர்ந்து வருது" என்றார் மேடம்.

அன்று மத்தியானம் இரண்டு வரைபடங்களும் ஒரே மேசையில் சேர்ந்தன. மேடம் அவற்றை டேப் போட்டு ஒட்டினார். ஒட்டிய இடத்தில் சுரங்கப்பாதையைப் பேனாவால் வரைந்தார். சார் முதல் வட்டத்தை அங்கே ஒட்டினார். அந்தப் பக்கத்து ஆட்கள் ஒட்டினார்கள், எங்கள் தெரு ஆட்களும் ஒட்டினார்கள். மளிகைக்கடை மாமா தெருமுனையில் ஒட்டியவற்றில் இரண்டு வட்டங்களை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஒண்ணை மட்டும் அங்கேயே விட்டுடறேன். சின்ன வளைவாவது கட்டட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து தண்ணீரை இறைத்தார்கள். குழிக்கு சிமென்ட் மூடி போட்டார்கள். அதன்மேல் நின்று சார் இரண்டு தடவை குதித்தே பார்த்தாராம். விளக்கு போட மட்டும் இன்னும் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

சனிக்கிழமை சாயங்காலமே அம்மாவுக்கு விஷயம் எட்டிவிட்டது. கம்பெனியிலிருந்து வந்தவர் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ வேலையை விட்டுடுவியே."

"அதுக்காக? உனக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் எந்த மெஷினைக் கட்டிக்கிட்டு அழுவேன்?"

அம்மா அழுதார். எனக்கும் அழுகை வந்தது. இத்தனை நாள் எவ்வளவு பயந்தேன் என்பதை முதல்முறையாகச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "இனிமே பயமா இருந்தா எங்கிட்ட சொல்லணும். ரெண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம். வேலையை விடாம யோசிப்போம்" என்றார்.

திங்கட்கிழமை காலை நண்டைக் கூட்டிக்கொண்டு சுரங்கப்பாதைக்குப் போனேன். தரை காய்ந்திருந்தது. ஆனால் உள்ளே அதே இருட்டு. மூடி போட்டது தெரிந்தும் நான் வெளியிலேயே நின்றுவிட்டேன்.

நண்டு அண்ணாந்து என்னைப் பார்த்தான். "ஏன்க்கா நின்னுட்ட?"

அவனிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். பிறகு உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"எனக்கு இருட்டுன்னா பயம்டா."

அவன் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. பையைச் சரிசெய்துகொண்டு, வியர்த்திருந்த தன் குட்டிக் கையை நீட்டினான்.

"எனக்கும்தான். கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றான்.

பிடித்துக்கொண்டேன்.