மிராசு வளைவு

டீக்கடை ஹாஜா மைதீன் கேட்ட பிறகுதான் தன் காலில் செருப்பு இல்லை என்பது எழில்மொழிக்குத் தெரிந்தது.

"என்னம்மா, வண்டி பஞ்சரா? இவ்வளவு தூரம் தள்ளிக்கிட்டா வர்றீங்க?"

பஞ்சர் இல்லை. பெட்ரோலும் இருந்தது. ஆனாலும் அவள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுதான் வந்திருந்தாள். செருப்பு இரண்டும் இடது கக்கத்தில் இடுக்கப்பட்டிருந்தன. எங்கே இறங்கினாள், எப்போது கழற்றினாள், ஒன்றும் நினைவில் இல்லை. முதுகு மட்டும் வலித்தது, வெகுநேரம் குனிந்தே நடந்ததுபோல.

அந்த மாநில நெடுஞ்சாலை ரொம்பச் சின்னது. ரயில்வே கேட்டில் புறப்பட்டு, சம்பா வயல்களுக்கு நடுவே வாய்க்காலை ஒட்டியே ஓடி, தென்னந்தோப்புகளைத் தாண்டி, அதிராம்பட்டினத்துக்கு இந்தப் பக்கமே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் முட்டிக்கொள்ளும். ஒரு காலத்தில் உப்பு வண்டி மேற்கேயும் நெல் வண்டி கிழக்கேயும் போன தடம். நூல் பிடித்த மாதிரி நேராக வரும் சாலை ஒரே ஓர் இடத்தில் மட்டும் வளைந்தது. அங்கே மிராசுதார் வீடு இருந்தது. வீட்டுக்காகச் சாலை வளைந்தது. சாலைக்கு மண் சுமந்தவர்கள் எழில்மொழியின் தெருக்காரர்கள்.

அந்த வளைவை நிமிர்த்தியது எழில்மொழிதான். சாலைத் துறையில் உதவிப் பொறியாளர். வாரிசில்லாமல் பூட்டிக் கிடந்த வீட்டைக் கையகப்படுத்தி, முன்கட்டை இடித்து, அதன் மேலேயே தார் போட்டு நேராக்கியிருந்தாள். இப்போது மிச்சமிருப்பது பின்பக்கத்துச் சுவரும் கதவில்லாத ஒரு நிலையும்தான்.

சாலை திறந்த பிறகு அங்கே மூன்று வண்டிகள் வாய்க்காலில் விழுந்துவிட்டன. மூன்றும் அவள் தெருவிலிருந்து போனவை. கடைசியாக விழுந்த நர்ஸ் செம்மொழி இடுப்பெலும்பு உடைந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். சாய்மானம், தார், ஓரக்கல் என்று எல்லாவற்றையும் எழில்மொழி திரும்பத் திரும்பச் சோதித்தாள். சாலையில் ஒரு குறையும் இல்லை.

வீட்டில் அப்பா மருதையன் அவள் பாதத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"உன்னையும் இறக்கிடுச்சா?"

"எதுப்பா?"

"அந்த எடத்துல நம்மாளு சைக்கிள்ல போகக் கூடாது, எழிலு. எறங்கித் தள்ளணும். செருப்பக் கக்கத்துல வச்சுக்கணும். பெரியவரு வாசல்ல நின்னாருன்னா ரோட்டுலயே நடக்கக் கூடாது, வாய்க்காத் தண்ணியில எறங்கிப் போகணும். வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. ஒரு செருமல். அவ்வளவுதான்."

"அவரு செத்து எவ்வளவு வருசமாச்சு?"

"ஆச்சு. எனக்கு இன்னிக்கும் அங்க கால் தானா எறங்குது. செம்மொழி எறங்கல." அவர் குரல் தணிந்தது. "நீ எறங்கியே போயேன். நாலு எட்டு. யாரு பாக்கப் போறா?"

"நான் இறங்குனா தெருவே இறங்கும்பா. நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களும் இறங்கும். மாட்டேன்."

மறுநாள் அந்தி. மார்கழிப் பனி வயலிலிருந்து ஆவிபோல் எழும்பி, பால் பிடிக்கிற கதிர்களின் பச்சை வாசனையோடும் எங்கோ எரிகிற வைக்கோலின் புகையோடும் கலந்து, சாலையின் வெள்ளைக் கோட்டை மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருக்க, வாய்க்கால் ஓரத்தில் தவளைகள் இடைவிடாமல் கத்தும் சத்தத்தை ஸ்கூட்டர் விளக்கு துழாவிக்கொண்டே போவதுபோல் இருந்தது அவளுக்கு. செருப்பு வாரை இறுக்கி மாட்டியிருந்தாள். முதுகை நிமிர்த்தி வைத்திருந்தாள். தன் சாலையை அவளுக்குத் தெரியும். எந்த இடத்தில் ஜல்லி எவ்வளவு கனம் என்பதுவரை தெரியும்.

நிலைக்கதவு இல்லாத அந்தச் சுவர் பனிக்குள் கறுப்பாகத் தெரிந்தபோது புதுத் தாரின் நெடி விலகி, வெற்றிலையும் பன்னீர்ப் புகையிலையும் கலந்த வாசனை வந்தது. இனிப்பாக, அழுகலாக, யாரோ முகத்துக்கு நேரே வாயைத் திறந்ததுபோல.

தவளைகள் நின்றன.

செருமல்.

சத்தமாக இல்லை. தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் ஒரு சின்ன ஒலி. ஆனால் அது அவள் காதுக்குள் கேட்கவில்லை. முழங்காலில் கேட்டது. வலது கால் தானாக மிதிபலகையிலிருந்து எழுந்தது. அவள் அதை அழுத்தி வைத்தாள். பிரேக் தானாக இறுகி, வண்டி நடுச்சாலையில் நின்று அணைந்தது. விளக்கு மட்டும் எரிந்தது.

மறுபடி செருமல். பக்கத்தில்.

தோளில் ஒரு கனம். பிறகு பிடரியில். குனி, குனி என்று அழுத்தியது. கழுத்தெலும்பு நெரிந்தது. வண்டி வாய்க்கால் பக்கம் சாய்ந்தது. தன் கையே கீழே இறங்கிச் செருப்பு வாரைத் தேடுவதை அவள் பார்த்தாள். அதை வாய்க்கு இழுத்து, அந்த விரல்களைப் பல்லால் கவ்விக் கடித்தாள். ரத்தம் உப்பாக வந்தது.

"இது எங்காளுங்க மண்ணு சுமந்த ரோடு," என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும். "நான் போட்ட ரோடு. இறங்க மாட்டேன்டா."

வாய்க்காலில் தண்ணீர் அலம்பியது.

விளக்கின் ஓரத்தில் தலைகள் தெரிந்தன. மார்பளவு தண்ணீரில் வரிசையாக நின்றிருந்தார்கள். ஆணும் பெண்ணும். சேறு அப்பிய தோள்கள். குனிந்த பிடரிகள். எத்தனை காலமாக நிற்கிறார்களோ. ஒருவருக்கும் முகம் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவளுக்குத் துணிவும் இல்லை. ஆனால் பேசத் துணிவு இருந்தது.

"மேல ஏறி வாங்க."

யாரும் அசையவில்லை.

"வாங்கன்னு சொல்றேன்ல. ரோட்டு மேல வாங்க!"

முதலில் ஒரு கை ஓரக்கல்லைப் பற்றியது. பிறகு இன்னொன்று. ஏறினார்கள். அவளைத் தொடாமல் இருபுறமும் கடந்தார்கள். சேற்று நாற்றம். குளிர். ஈரக் கால்கள் தாரில் ஒட்டிப் பிரியும் சத்தம், சுவரை நோக்கி.

நிலைக்குள்ளிருந்து செருமல் ஒன்று தொடங்கியது. பாதியில் அறுந்தது.

எதையோ இழுத்து வந்தார்கள். கனமாக எதுவோ தண்ணீரில் விழுந்தது. பிடரியிலிருந்த பாரம் போய்விட்டது.

எழில்மொழி பொத்தானை அழுத்தினாள். வண்டி உயிர் பெற்றது. திரும்பிப் பார்க்காமல் ஓட்டினாள், நடுக்கோட்டின் மேலேயே, நிமிர்ந்து. இடது பக்கம் வாய்க்கால் கூடவே வந்தது. அதில் சலசலப்பு. வேகம் கூட்டினாள். சலசலப்பும் கூடியது. தென்னந்தோப்பு. சலசலப்பு. கடற்கரைச் சாலையின் வெளிச்சம். வாய்க்கால் சாலைக்கு அடியில் நுழைகிற மதகடியில் அவள் வண்டியை நிறுத்தினாள். ஓடிப்போகத் தோன்றியது. ஓடவில்லை. ஹேண்டிலைத் திருப்பி விளக்கை நேராகத் தண்ணீரில் அடித்தாள்.

ஒரு கிழவரின் தலை.

ஓடுகிற தண்ணீரில் ஓடாமல் நின்றது. நரைமுடி ஒட்டிக்கிடந்தது. வாய் அகலத் திறந்திருக்க, தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. குமிழி ஒன்றுகூட வரவில்லை. இமைக்காத கண்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் அவள் ஊன்றியிருந்த காலையே பார்த்தன.

அவள் காலை எடுக்கவில்லை. தலையும் நகரவில்லை.