மூடிய பூவுக்குள் மகரந்தம்

காலை எட்டரைக்குப் போன் அலறியது.

"டாக்டரம்மா... கண்ணாடி வீட்டுக்கு வாங்க. விரியாத பூவைப் பிரிச்சா உள்ள தூள் இருக்கு."

பேசியது நாற்றுக்காரர். பயிருக்குத் தண்ணீர் விடுபவர். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூடப் பதறாத மனிதர்.

டாக்டரம்மா நெல் ஆராய்ச்சிக்காரி. பயிர் வளர்க்கும் அந்தக் கண்ணாடிக் கூடத்தில்தான் அவள் நெல் நின்றது.

ரத்தம் சிந்தாத கொலைகளும் உண்டு, கண்ணுகளா. இது அந்த ரகம்.

பத்து வருஷம் பாடுபட்டு அவள் உருவாக்கிய நெல்லில் உயிருள்ள மகரந்தமே இருக்கக் கூடாது. ஆண்மை இல்லாத செடி. பக்கத்தில் நட்ட ரகத்தின் மகரந்தத்தை வாங்கி ஒட்டு விதை தரும். பதினொரு மணிக்குப் பரிசோதனைக் குழு வருகிறது. ஒரு பூவில் மகரந்தம் கண்டாலும் போச்சு... பத்து வருஷமும் குப்பைக்கூடைக்கு!

ஓடினாள்.

விரியாத பூவைக் கீறி, மகரந்தப் பையை நசுக்கி, அயோடின் சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். மலட்டு மகரந்தம் என்றால் மஞ்சளாகக் கிடக்கும்.

இங்கே...

கரிய மணிகள். உருண்டை உருண்டையாய். அத்தனையும் உயிரோடு.

தோளில் ஒரு கை விழுந்தது.

கணவன். கண்ணாடி வீட்டு இயந்திரங்களுக்குப் பொறுப்பான இன்ஜினியர்.

"இந்த ஆளு வெளி வயல்லேர்ந்து சட்டையில ஒட்டிட்டு வந்திருப்பாரு."

"நானா தம்பி?" நாற்றுக்காரர் முறைத்தார். "நான் கோட்டு மாத்தாம உள்ள வந்ததே இல்ல. நீங்கதான் செருப்போட வருவீங்க."

"அவர் இல்ல," என்றாள். "பூ இன்னும் வாயே தொறக்கல. மூடின பைக்குள்ள வெளித்தூள் எப்படிப் போகும்? இது செடியே செஞ்சது."

"எப்படி?"

"குளிர்ல."

செடிக்குள் மைக்ரோ ஆர்என்ஏ என்று ஒரு பொடிசு உண்டு. 'மகரந்தம் செய்' என்று செல்லுக்குள் ஒரு கட்டளைச் சீட்டு வரும். இந்தப் பொடிசு அதைக் கிழித்துப் போடும். இவள் ரகத்தில், சூட்டில் பொடிசு பெருகும், செடி மலடு. குளிரில் குறையும், சீட்டு தப்பிக்கும், மகரந்தம் பிறக்கும்.

"வெப்பப் பதிவுல முப்பது டிகிரி அசையாம நிக்குதே," என்றான் கணவன்.

"பதிவு பொய் சொல்லும். பூ சொல்லாது. இன்னிக்கு விரியப்போற பூவுல மட்டும் மகரந்தம் இருக்கு. பின்னாடி வர்ற கதிர்ல இல்ல. பூ விரிய பன்னிரண்டு நாள் முன்னாடிதான் உள்ள மகரந்தம் உருவாகும். அப்போ குளிர் அடிச்சதும் பன்னிரண்டு நாள் முன்னாடி."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நான் அம்மாவோட ஆஸ்பத்திரியில இருந்தேன். 'நீ அங்கயே இரு, செடியை நான் பாத்துக்கறேன்'னு சொன்னீங்க. எவ்வளவு நல்ல மனுஷன்னு அழுதேங்க..."



"மலட்டுச் செடிக்குச் சொந்த விதை கிடையாது," அவளே தொடர்ந்தாள். "திருடணும்னா முதல்ல காய்க்க வைக்கணும். யாருக்கு?"

அவன் சுவரைப் பார்த்தான். "பத்து வருஷமா உன் கட்டுரையில என் பேரைத் தேடினேன். ஒரு மூலையிலகூட இல்ல. ஒரு விதைக் கம்பெனியில எனக்கு இயக்குநர் பதவி தர்றாங்க. போன வருஷமும் இதே மாதிரி ஒரு பிடி விதை குடுத்தேன். பத்தலைன்னாங்க." குரலைத் தாழ்த்தினான். "அந்தக் கதிரை வெட்டிடலாம். குழுவுக்குத் தெரியாது."

"வெட்ட மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்லப் போறேன். நம்புறதும் நம்பாததும் அவங்க பாடு."

மேஜைமேல் அவன் போன் துடித்தது.

திரையில் தெரிந்த பெயர்...

அவளுடைய தங்கை. போட்டி விதைக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். பெற்ற தாயின் ஆப்பரேஷனுக்கு வர நேரமில்லை என்றவள்.

டாக்டரம்மா ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"அத்தான், என்ன விதை குடுத்தீங்க?" தங்கை சீறினாள். "மலைத்தோட்டத்துல நட்டோம். ஒரு செடி பாக்கியில்லாம மகரந்தம் கொட்டுது. சாதா நெல்லைக் குடுத்து என் தலையில மிளகாய் அரைச்சிட்டீங்கல்ல?"



"மலைக்குளிர்ல இந்த நெல்லு மகரந்தம் விடும்னு அவகிட்ட சொல்லவே இல்லையா?" என்றாள் மனைவி.

"பதவி ஆர்டர் கைக்கு வரட்டும்னு... மறைச்சு வச்சிருந்தேன்."

"அக்கா? நீயா...?" போனில் குரல் நடுங்கியது.

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வருத்தப்படாதடி. பொண்டாட்டி, மச்சினின்னு உங்க அத்தான் வித்தியாசம் பாக்க மாட்டார். துரோகத்துல மட்டும் ரொம்ப நேர்மையான மனுஷன்."