துணைக்குரல்

காட்டு வாயிலில் வெண்பாவின் படம் பிடிக்கும் கண்வில்லைகள் இரண்டையும் கழற்றி ஒரு குப்பியில் போட்டுக்கொண்டார்கள். வெளி விதை எதுவும் உள்ளே போய்விடக் கூடாது என்று செருப்பின் அடியைத் தேய்த்துக் கழுவினார்கள். படம் எடுக்கும் வேறெதுவும் பையில் இல்லை என்று உறுதியான பிறகு காவலர் பெண் அவள் காதில் சிறு பொத்தான் ஒன்றை ஒட்டினாள்.

“துணைக்குரல் யாரு?”

“வீட்டுக்காரர்தான். குரலறையில உட்கார்ந்திருக்காரு.”

“பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவாரு. பதில் சொல்லணும். மூணு தடவை சொல்லலைன்னா விழுந்துட்டீங்கன்னு நாங்க வந்து தூக்கிட்டு வந்துருவோம். நடை அத்தோட முடிஞ்சுது. அப்புறம் இன்னொரு தரம்னு வந்து நிக்காதீங்க.”

நிற்க முடியாது. மிஞ்சியிருக்கும் காடுகளில் ஏதேனும் ஒன்றில், ஆயுளில் ஒரு முறை நடக்கலாம். அதுவும் ஐம்பத்தைந்து வயதுக்குள். படம் வெளியே வரக்கூடாது. படங்களைப் பார்த்துத்தான் முன்பு கூட்டம் கூடிக் காடுகளை மிதித்தே தீர்த்தது. ஆகவே காடு எப்படியிருக்கும் என்று போய்வந்தவர் வாயால் கேட்டால்தான் உண்டு.

வெண்பாவுக்கு அடுத்த மாதம் ஐம்பத்தைந்து முடிகிறது. அவள் கணவன் தர்ஷன் கொல்லிமலையின் இதே வளையப் பாதையை இருபத்திரண்டு வயதிலேயே, யாஷிகா என்ற பெண்ணோடு நடந்து தீர்த்துவிட்டான். அதற்குப் பிறகுதான் சேலத்து அலுவலகப் பேருந்தில் வெண்பாவின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இந்தக் காட்டைச் சொன்னான். அதைக் கேட்டுத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். பார்க்கச் சுமாரான ஆள். ஆனால் இரண்டாவது கிலோமீட்டரில் ஓர் அருவி இருக்கிறது என்று அவன் சொல்லும்போது கேட்பவர் முகத்தில் சாரல் அடிக்கும். அந்த அருவியைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள். அவனோ, முட்டி வலிக்கும், மழை வரும் என்று அவள் நடையை வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான்.

முன்பு மாசியில் இலை உதிர்த்த மரங்கள், மழை தடம் மாறிய பிறகு ஐப்பசியில் உதிர்க்கின்றன. பாதை முழுக்கத் தேக்கிலை. மிதித்தால் அப்பளம் போல நொறுங்கியது.

“நடக்கறியா, அப்பளம் திங்கறியா?” என்றான் தர்ஷன் காதுக்குள்.

“உங்களுக்குப் பொறாமை.”

“வலப்பக்கம் ஒரு கல்பெஞ்சு வரும் பாரு. ஒரு முனை உடைஞ்சிருக்கும். எதிர்ல ரெண்டு மருதமரம், ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சு நிக்கும். நடுவுல எறும்பு போகும்.”

இருந்தது. உடைந்த முனை, சாய்ந்த மரம், எறும்பு வரிசை உட்பட அத்தனையும். முப்பத்தாறு வருடத்துக்குப் பிறகும் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறான் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டாவது கிலோமீட்டர் கல் வந்தது. சரிவு, செம்மண், தேக்கு. தண்ணீர்ச் சத்தமே இல்லை.

“அருவி எங்கங்க?”

“வத்திப் போயிருக்கும்.”

வெண்பா குடிநீர் வாரியத்தில் இருபத்தாறு வருடம் ஊற்றுக்கண் தேடித் திரிந்தவள். தண்ணீர் விழுந்த இடத்தில் பாறை தேய்ந்திருக்கும், குழி இருக்கும், உருண்டைக் கல் கிடக்கும். இங்கே பாறையே இல்லை. அடுத்து வரும் என்று அவன் சொன்ன மூங்கில் பாலமும் இல்லை. பாலம் போடப் பள்ளமும் இல்லை.

“நீங்க எதுவரைக்கும் நடந்தீங்க?”



“கல்பெஞ்சு வரைக்கும்.”

“அப்புறம்?”

“யாஷிகா அங்க உட்கார்ந்துதான் சொன்னா, வேற ஒருத்தனைக் கட்டிக்கப் போறேன்னு. சொல்லிட்டு எந்திரிச்சு மிச்சத்தையும் நடந்துட்டா. நான் எறும்பைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போனாங்க.”

“அருவி?”

“நீதான் பஸ்ல கேட்ட. உள்ள அருவி இருக்கான்னு. நீ கேட்ட தினுசுக்கு இல்லைன்னு சொல்ல மனசு வரல.”

அவள் பொத்தானைப் பிய்த்து எறிந்திருப்பாள். எறிந்தால் ஆள் வந்துவிடும். பேசாமல் நடந்தாள். சரிவு ஏறியது, இறங்கியது. எதையும் பார்க்கவில்லை.

“வெண்பா, இருக்கியா?”

சொல்லவில்லை.

பத்து நிமிடம் கழித்து மறுபடி. “வெண்பா?”

சொல்லவில்லை. ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டு முப்பத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். பெற்ற பிள்ளைகளுக்கும் அதே அருவியைச் சொல்லித் தூங்கவைத்திருக்கிறாள். மூன்றாவது அழைப்புக்கும் வாயை மூடிக்கொண்டால் காவலர்கள் வருவார்கள். அவளுடைய காடும் அவனுடையதைப் போலப் பாதியில் முடியும். கணக்கு நேராகிவிடும்.

பத்து நிமிடம் ஆனது. அவன் உடனே கூப்பிடவில்லை. பிறகு வந்த குரல் தணிந்திருந்தது.

“திட்டவாவது செய். நீயும் என்னை மாதிரி உட்கார்ந்துராத. நட.”

வெண்பா நின்றாள். நாலு மூச்சு விட்டாள்.

“இருக்கேன்,” என்றாள். “பேசாம கேளுங்க. இடப்பக்கம் ஒரு மரம். பட்டை உரிஞ்சு உள்ள வெள்ளையா தெரியுது. அடியில காளான், உங்க காது சைஸு.”

“என் காது அவ்வளவு பெருசா?”

“பேசாதீங்கன்னேன்.”

அதற்கப்புறம் அவள் ஒன்றையும் விடவில்லை. பன்றி கிளறிய மண்ணைச் சொன்னாள். சிலந்திவலையில் தொங்கிய சருகைச் சொன்னாள். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது கிலோமீட்டர் என்று அவனை ஒவ்வொரு வளைவாகக் கூட்டிப்போனாள். தொண்டை கட்டியது. நடுவில்தான் உறைத்தது, ஒரு பூவைக் கண்டதும் அதைப் பார்க்காமல், எப்படிச் சொல்வது என்று சொல் தேடிக்கொண்டிருக்கிறாள். சொல்லி முடிப்பதற்குள் பூவைத் தாண்டி வந்துவிடுகிறாள். கிடைத்த ஒரே காட்டை அவள் காதால் கேட்டுக்கொண்டிருந்தாள், தன் குரலிலேயே.

எட்டாவது கிலோமீட்டரில் மரங்கள் விலகி ஒரு திறந்த இடம் வந்தது. நடுவில் ஒற்றைத் தான்றிமரம், உச்சிவரை மஞ்சள். காற்று துளியும் இல்லை. அப்படியிருக்க, யாரோ சொன்னதுபோல இலைகள் எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் பிடிவிட்டு இறங்கத் தொடங்கின. அவசரமே இல்லாமல் இறங்கின. அவள் தலையில், தோளில், நீட்டிய கையில்.

“வெண்பா, இருக்கியா?”

“இருக்கேன்.”

“சத்தத்தைக் காணோமே. என்ன இருக்கு அங்க?”

சொல்ல வாயெடுத்தாள். மஞ்சள் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

“கொஞ்சம் இருங்க,” என்றாள். “இது எனக்கு.”

காதில் அவன் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.